வலது மணிக்கட்டு

நிமோனியா என்று கொண்டுவந்து சேர்த்த ஆளுக்கு ஆஞ்சியோகிராம் எதற்கு? இதைத்தான் கேட்டேன். இதில் என்ன தப்பு? அந்த ஐசியூ டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர்கள் நல்ல சேதி சொல்வதில்லை.

"சளி, காய்ச்சல்னு கூட்டிட்டு வந்தேன். நுரையீரல்ல கிருமின்னீங்க. சரின்னேன். மூச்சுக்குக் குழாய் வைக்கணும்னீங்க. அதுக்கும் சரின்னேன். இப்ப நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணும்ங்கிறீங்க. நாளைக்கு எதைப் பார்க்கணும்பீங்க?"

"அம்மா, இதயம் அடிபட்டா ரத்தத்துல ஒரு பொருள் கசியும். இவருக்கு அது ஏறிக்கிட்டே போகுது. ஈசிஜியும் மாறியிருக்கு. இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, இதயத்துக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. இன்னொண்ணு, அடைப்பே இல்லாம, இந்தக் கிருமியோட வேகத்துல இதயம் சோர்ந்து போறது. ஐசியூல படுத்திருக்கிறவங்களுக்கு இது நிறைய நடக்கும். வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

"அப்ப உங்களுக்கே தெரியல."

"தெரியாததாலதான் பார்க்கணும்ங்கிறோம். ஆனா கைவழியா குழாய் விட்டு ஒரு சாய மருந்து ஏத்தித்தான் அந்தப் படம் எடுக்கணும். இவரோட கிட்னி ஏற்கெனவே திணறுது. அந்த மருந்து அதை இன்னும் கெடுக்கலாம். அதனால இதய டாக்டர் வந்து பார்த்துட்டு முடிவு சொல்வார்."

செய்யணும் என்கிறார், செய்தால் கெடலாம் என்றும் சொல்கிறார். நாளைக்கு எது நடந்தாலும் 'நாங்கதான் அப்பவே சொன்னோமே' என்று கையை விரிக்க வசதியான பேச்சு. எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பழக்கம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள் நான்.

நான் விமான நிலையத்தில் பைகளை ஸ்கேன் செய்யும் இயந்திரத்தின் முன்னால் உட்காருகிறவள். பையைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்வேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எதையாவது ஒளித்துக் கொண்டுவருகிறவர் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும், மீதியைத் திரை காட்டிக்கொடுத்துவிடும். என் சொந்தத் தாய்மாமாவின் பையில் இருந்த மடக்குக் கத்தியைக் கண்டுபிடித்து, அவரை ஓரமாக நிற்கவைத்து, மேலதிகாரியைக் கூப்பிட்டேன். மாமா விமானத்தைக் கோட்டைவிட்டார். அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்குப் 'போலீஸ்காரி' என்று பெயர். என் காதுபடச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு கொசு பறக்காது என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

டாக்டரம்மா எழுந்திருப்பதற்குள், பக்கத்தில் இருந்த என் கொழுந்தன் வாயைத் திறந்தான்.

"வேண்டாம் டாக்டர். ஆஞ்சியோ வேண்டாம்."

"ஏன் சார்?"

"இல்ல... உடம்பு தாங்காது. மருந்துலயே பார்த்துக்கலாம்."

இவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிக்கிறவன், காலையிலிருந்து என் கண்ணைப் பார்க்கவில்லை. அதுவரை வேண்டாம் என்ற பக்கத்தில் நின்றவள் நான்தான். இவன் வந்து பக்கத்தில் நின்றதும் அந்த இடமே எனக்குக் கசந்துபோனது. கண்ணாடிக் கடைக்காரனுக்கு எப்படித் தெரியும், உடம்பு தாங்குமா தாங்காதா என்று? அண்ணனுக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிக்கக் கூடாது என்பதில் தம்பிக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

கொஞ்ச காலமாகவே அண்ணனும் தம்பியும் பால்கனியில் நின்று குசுகுசுவென்று பேசுவதும், நான் துணி காயப்போடப் போனால் பேச்சை மாற்றுவதுமாக இருந்தார்கள். அவர்கள் அப்பாவின் வீடு இன்னும் இரண்டு பேர் பெயரிலும்தான் இருக்கிறது. நான் கெட்டவள் இல்லை. ஆனால் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எந்த நினைப்பு வரும், எந்த நினைப்பு வராது என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பார்வை நேரத்தில் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். என் வீட்டுக்காரர் வாயில் குழாயும், கன்னத்தில் பிளாஸ்டருமாகப் படுத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, லாரி லாரியாகச் சரக்கு அடைத்த இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து பூப்போலத் தூக்கி இறக்குவார். கீழே நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த மனுஷன் இப்போது யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கும்படி கிடந்தார். அழுதால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று அழுகையை முழுங்கிக்கொண்டேன்.

ஒரு நர்ஸ் அவருடைய வலது மணிக்கட்டை விரல் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தத்தை விடாமல் பார்க்க அங்கே ஒரு குழாய் போட வேண்டுமாம். தடவினார், அழுத்தினார், விரலை நகர்த்தினார். இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டார். அவரும் தடவினார்.

"இந்தக் கையில நாடியே கிடைக்கலையே. அம்மா, முன்னாடி இந்தக் கையில ஏதாவது பண்ணியிருக்காங்களா?"

"என்ன பண்ணியிருக்காங்க?"

"குழாய், ஊசி, ஆபரேஷன், அந்த மாதிரி."

"ஒண்ணுமே இல்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் விடுவேனா? ஒருத்தி அந்தக் கை மேல் போர்வையை இழுத்துவிட்டாள். சரி, எதையோ குத்திக் கெடுத்துவிட்டு மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். அவர்கள் இடது பக்கம் போனதும் போர்வையை விலக்கிப் பார்த்தேன். விரல்கள் கதகதப்பாகத்தான் இருந்தன, நிறமும் மாறவில்லை. இருந்தாலும் மொபைலில் படம் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் கையில் ஆதாரம் வேண்டாமா?

அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பழைய எரிச்சலும் கிளம்பியது. எல்லோரையும் போல இடது கையில் கடிகாரம் கட்டிக்கொண்டிருந்தவர், ஒருமுறை வெளியூருக்கு ட்ரெய்னிங் என்று போய்விட்டு வந்தபோது, வலது கையில் அகலமான தோல்பட்டை வைத்த புதுக் கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தார். யார் கொடுத்தது என்று கேட்டேன். நானே வாங்கினேன் என்றார். அவருக்குக் கடையில் நின்று ஒரு கைக்குட்டை வாங்கத் தெரியாது. தூங்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை. எவளோ கொடுத்திருக்கிறாள் என்று தோன்றிவிட்டது. போனை நோண்டினேன், சட்டைப் பைகளைத் துழாவினேன், ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததே எனக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வெகுநாள் பேசாமல் இருந்தேன். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "நீ என்ன நினைக்கிறியோ நினைச்சுக்கோ" என்பதோடு சரி. அந்தக் காயம் முழுசாக ஆறாமலேதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இதய டாக்டர் வந்தார். ஆள் நல்ல நெட்டை, வாசலில் குனிந்துதான் நுழைந்தார். நேராகப் போய் அதே வலது மணிக்கட்டைப் பிடித்தார். தோலை இழுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னையும் கொழுந்தனையும் பேசும் அறைக்கு வரச்சொன்னார்.

"இவருக்கு முன்னாடி ஆஞ்சியோகிராம் பண்ணியிருக்காங்களா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "ஆஞ்சியோவா? அவர் தலைவலி மாத்திரை போட்டாலே எனக்குத் தெரியும் டாக்டர்."

"கைவழியா ஆஞ்சியோ பண்ணினா, சில பேருக்கு அந்தச் சின்ன ரத்தக் குழாய் பிற்பாடு அடைச்சுக்கும். கைக்கு வேற ஒரு குழாய் இருக்கிறதால ஒண்ணும் ஆகாது, நாடி மட்டும் கிடைக்காது. இவர் கை அப்படித்தான் இருக்கு. சின்னதா ஒரு தழும்பும் இருக்கிற மாதிரி தெரியுது."

"உங்க நர்ஸ் குத்தின தழும்பா இருக்கும்."

நெட்டை டாக்டர் கோபப்படவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"அம்மா, நான் ஏன் கேட்கிறேன்னா, இதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். ஏற்கெனவே ஸ்டென்ட் வெச்சிருந்தா அது அடைச்சிருக்கலாம், உடனே ஓடணும். முன்னாடி பார்த்து, பெரிய அடைப்பு இல்லைன்னு சொல்லியிருந்தா, இப்ப அவசரப்பட வேண்டியதில்ல. அந்தச் சாய மருந்து அப்ப ஒத்துக்காம போயிருந்தா, அது உயிர் விஷயம். உங்களுக்குத் தெரியாம எங்கயாவது..."

"எனக்குத் தெரியாம எங்க வீட்ல ஒண்ணும் நடக்காது."

கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான். ஏதோ சொல்லப்போகிற மாதிரி முன்னால் நகர்ந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"வருஷா வருஷம் துறைமுகத்துல அவருக்கு முழு செக்கப் பண்றாங்க டாக்டர். இதயத்துல ஒரு கோளாறுன்னு தெரிஞ்சா, மறுநாளே கிரேன்ல இருந்து இறக்கிடுவாங்க. கீழ ஆளுங்க நிக்கிறாங்க இல்ல, சும்மாவா? அப்படி ஏதாவது இருந்தா நானே போய்ச் சொல்லியிருப்பேன்."

கொழுந்தன் பழையபடி பின்னால் சாய்ந்துகொண்டான். போன் வருகிறது என்று எழுந்து வெளியே போனான். போன் அடிக்கவே இல்லை. டாக்டர் அவன் போவதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எங்கள் இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று அவர் யோசிப்பது எனக்கு விளங்கியது. பைகளைப் பார்க்கும்போது என் முகமும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ.

"சரி. வேற காரணத்தாலயும் நாடி இல்லாம இருக்கலாம்" என்று அவர் எழுந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வேகமாக வந்தார். ரத்த அழுத்தம் இறங்குகிறதாம், ஈசிஜி இன்னும் மோசமாகிவிட்டதாம். இனிமேல் தாமதிப்பதைவிடப் பார்த்துவிடுவது மேல், தொடை வழியாகப் பண்ணலாம், கிட்னி கெட்டால் டயாலிசிஸ் பண்ணிச் சமாளிக்கலாம் என்று இதய டாக்டர் சொல்கிறாராம். சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

கொழுந்தன் எங்கிருந்தோ ஓடிவந்து என் முன்னால் நின்றான்.

"அண்ணி, போடாதீங்க."

"காரணம் சொல்லு."

"சொல்ல முடியாது அண்ணி. என்னை நம்புங்க."

"உன்னை நம்பணுமா? உங்க அண்ணன் பிழைக்கிறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

அவன் முகம் செத்துப்போனது. அடிபட்ட இடத்தைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் கையெழுத்தில் பாதி என் புருஷனுக்காக, பாதி இவன் மூக்கை உடைப்பதற்காக.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூடவே மூச்சு இயந்திரம், மருந்துக் கம்பம், இரண்டு நர்ஸ். லிஃப்ட் கதவு மூடியது. ஆஞ்சியோ அறை கீழ்த்தளத்தில். நான் படிக்கட்டு வழியாக இறங்கப் போனேன். கொழுந்தன் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் சாகட்டும் என்று நினைக்கிறவன் இப்படி உட்காரமாட்டான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் வேலையில் ஒரு வழி உண்டு. பையில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. கேட்டால் கதை சொல்வார்கள். சும்மா முன்னால் போய் நிற்கவேண்டும், பார்க்கவேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் அவர்களே கொட்டிவிடுவார்கள். நான் அவன் முன்னால் போய் நின்றேன். பார்த்தேன்.

"அண்ணன் ட்ரெய்னிங்னு வெளியூர் போனாரே, அது ட்ரெய்னிங் இல்ல அண்ணி" என்றான்.

நான் பேசவில்லை.

"கிரேன்ல இருக்கும்போது நெஞ்சு அடைச்சிருக்கு. எனக்குத்தான் போன் பண்ணினார். நான்தான் வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வலது கைவழியா ஆஞ்சியோ பண்ணினாங்க. ஒரு குழாய்ல கொஞ்சம்தான் அடைப்பு, ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும்னாங்க. ஆனா அந்தச் சாய மருந்து உள்ள போனதும்..."

"போனதும்?"

"உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. தொண்டை அடைச்சு மூச்சே நின்னுபோச்சு அண்ணி. எல்லாரும் ஓடினாங்க. செத்துட்டார்னே நினைச்சேன். இழுத்துப் பிடிச்சுக் காப்பாத்தினாங்க. இனிமே எங்க போனாலும் இதை முதல்ல சொல்லணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினாங்க."

"அடப் பாவி! அந்த டாக்டர் அத்தனை தரம் கேட்டாரே, வாயில என்ன வெச்சிருந்தே?"

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே!"

அப்போதுதான் அவன் என் கண்ணைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரிஞ்சா ஆபீஸ்ல போய்ச் சொல்லிடுவீங்க, கிரேனைப் பிடுங்கிடுவாங்கன்னு அண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். நீங்களும் அங்க உட்கார்ந்து அதையேதான் சொன்னீங்க. தனியாப் போய் டாக்டர்கிட்ட சொன்னாலும், அவர் உடனே உங்ககிட்டதான் வந்து கேட்பார். ஆஞ்சியோ வேண்டாம்னு சொல்லிட்டா எதையும் சொல்ல வேண்டியிருக்காதுன்னு நினைச்சேன். நீங்க என் மேல இருக்கிற கோபத்துல..."

மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை. அந்தப் படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. ஆஞ்சியோ அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போகக்கூடாது என்று ஒரு ஊழியர் குறுக்கே கையை நீட்டினார். வரிசையில் நிற்கும் மொத்தக் கூட்டத்தையும் அசையவிடாமல் நிறுத்துகிற குரல் ஒன்று என்னிடம் உண்டு. வேலையில் மட்டும்தான் அதை எடுப்பேன்.

"நிறுத்துங்க! மருந்து ஏத்தாதீங்க!"

கதவு திறந்தது. கனமான மேலங்கியை மாட்டிக்கொண்டு நெட்டை டாக்டர் நின்றார். பின்னால் பச்சைத் துணிக்கு அடியில் என் வீட்டுக்காரர். மேலே ஒரு திரை, இன்னும் அதில் எதுவும் வரவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது.

"பண்ணியிருக்காங்க டாக்டர். அதே கையில. அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கல, மூச்சு நின்னுபோச்சாம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது."

கடைசி வரியைச் சொல்லும்போதுதான் அழுகை வெடித்தது. அத்தனை பேர் முன்னாலும் ஒற்றைச் செருப்போடு நின்று அழுதேன். கொழுந்தன் பின்னாலேயே ஓடிவந்து, எந்த ஆஸ்பத்திரி, என்ன சொன்னார்கள், எப்படித் தடித்தது என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்கே போன் போடச்சொன்னார். பேசிவிட்டு வந்து, நெஞ்சின் மேல் ஸ்கேன் கருவியை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"இதயம் ஒரு பக்கம் மட்டும் செயலிழந்திருந்தா அடைப்புன்னு நினைக்கலாம். இவருக்கு எல்லாப் பக்கமும் சமமா சோர்ந்திருக்கு. முன்னாடி பார்த்ததும் சின்ன அடைப்புதான். இது பெரும்பாலும் கிருமியால வந்த சோர்வு. இப்ப ஆஞ்சியோ வேண்டாம். அழுத்தம் ஏற மருந்து குடுத்து, நுரையீரலைத் தேத்துவோம். அப்புறம் தேவைப்பட்டா, முன்னாடியே ஊசி மருந்தெல்லாம் குடுத்துப் பாதுகாப்பா பண்ணிக்கலாம்."

"அப்ப எதுக்குக் கீழ தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"இப்ப நீங்க சொன்னதை அப்ப யாரும் எனக்குச் சொல்லலியேம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கட்டிலை மேலே கொண்டுபோன பிறகு, நானும் கொழுந்தனும் அந்த நடைபாதை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். அவன் போய் என் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தான்.

"அந்த வாட்ச்?" என்று கேட்டேன்.

"மணிக்கட்டு கன்னிப்போயிருந்துச்சு அண்ணி. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் அகலப் பட்டையா பார்த்து வாங்கிக் குடுத்தேன்."

எவளோ ஒருத்திக்கு நான் மனசுக்குள் எத்தனை முகம் வைத்துப் பார்த்திருப்பேன். கட்டையாக ஒருத்தி, ஒல்லியாக ஒருத்தி, துறைமுக அலுவலகத்தில் ஒருத்தி. கடைசியில் அது இந்தக் கண்ணாடிக்காரன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு அவமானமாக இருந்தது. "கையெழுத்துப் போடறப்ப கேட்டதை மனசுல வெச்சுக்காதே தம்பி" என்றேன். அவன் தலையை ஆட்டினான். வைத்துக்கொண்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டர் சொன்னபடியே இதயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. காய்ச்சல் இறங்கியது, கிட்னியும் தப்பித்தது. ஒரு நாள் காலையில் வாய்க்குழாயை எடுத்துவிட்டதாகச் சொல்லி என்னை உள்ளே விட்டார்கள். அவர் முகம் பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்தார். அடுத்ததாகக் குனிந்து தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரம் இல்லை. ஆஸ்பத்திரி அதை என்றைக்கோ கழற்றி என்னிடம் கொடுத்திருந்தது. பிறகு மறுபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி சொல்லிட்டானா?" குரல் உடைந்து காற்றாக வந்தது.

"சொன்னதாலதான் நீங்க இருக்கீங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் சண்டை போடக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். முடியவில்லை.

"எவளோ இருக்கான்னு நினைச்சு நான் அத்தனை நாள் வெந்துபோனேனே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"அதுன்னா வீட்டோட சண்டை போடுவே. இதுன்னா துறைமுகத்துக்குப் போயிருப்பே."

"போயிருப்பேன்" என்றேன்.

பொய் சொல்ல வரவில்லை. நிச்சயமாகப் போயிருப்பேன். மறுநாள் காலையிலேயே, இஸ்திரி போட்ட யூனிஃபார்மோடு. என்னைப் பற்றி இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிற ஒரே மனுஷன், பொண்டாட்டி தன்னைக் கெட்டவன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, நோயாளி என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்று முடிவுசெய்திருக்கிறார். வேறொருத்தி இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"இப்ப ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

கண்ணை மூடிக்கொண்டார். முகம் அப்படியே இளகியது. நான் உள்ளே வந்ததும் என்னைப் பார்த்தாரே, அப்போதுகூட அந்த நிம்மதி அவர் முகத்தில் வரவில்லை. அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து, அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, இத்தனை காலம் இத்தனை பேர் தலைக்கு மேல் இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களை நினைத்தேன். அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள்.

"நாளைக்குப் போறேங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கையை உருவிக்கொள்வார் என்று காத்திருந்தேன். உருவிக்கொள்ளவில்லை. அது மன்னிப்பா, உருவிக்கொள்ளத் தெம்பில்லாததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.